ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே

அத்தியாயம் பதினொன்று

தனசிங்கைத் தூக்கில் போட நான்கு நாள் பாக்கி. எங்களிடம் இருந்த ஏழு துப்புகளில் ஆறு சொத்தை. ஏழாவது என்று சொல்லிக்கொள்ள ஒரு ரயில் பைத்தியம் மட்டும் மிச்சம்.

இதை நான் சொன்னபோது என் முதலாளி வேதசிரோமணி சிரிக்கவில்லை. பொதுவாகவே அவர் சிரிக்க மாட்டார். தபால் இலாகாவில் பதினாறு வருடம், விலாசம் சரியில்லாத கடிதங்களைப் பிரித்துப் படித்து உரியவரைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவர். ஊரார் கடிதங்களை அத்தனை காலம் படித்தால் மனிதர்கள்மேல் பெரிதாக நம்பிக்கை எதுவும் மிஞ்சாது போலிருக்கிறது. இப்போது மேற்குத் தாம்பரத்தில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறார். நான் சிட்டிபாபு. நிறுவனத்தின் மீதிப் பகுதி நான்தான்.

வழக்கு இதுதான். 1971 ஆகஸ்ட் 22, ஞாயிற்றுக்கிழமை. தாம்பரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் நடுவில் ரயில் பாதை ஓரமாக ஒரு பழைய மதகு இருக்கிறது. அன்று பொழுது சாய்ந்த பிறகு, அந்த மதகடியில் தசரதன் என்கிற மனை வியாபாரி மண்டை உடைந்து செத்துக் கிடந்ததைக் கண்டார்கள். முடிச்சூரில் ஒரே மனையை இரண்டு பேருக்கு விற்ற புண்ணியவான். அந்த இருவரில் ஒருவர் தனசிங், குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் குமாஸ்தா. அவர் கட்டிய அஸ்திவாரத்தைத் தசரதன் ஆள் வைத்துப் பெயர்த்துப் போட்டதும், நாலு பேர் முன்னால், "உன்னை விடமாட்டேன்" என்று கத்தியிருக்கிறார். ஆனால் தசரதனைப் பார்த்து அப்படிக் கத்தியவர்களை வரிசையில் நிறுத்தினால் சானடோரியம் ஸ்டேஷன் வரைக்கும் போகும். கத்தியதற்காக யாரையும் தூக்கில் போடுவதில்லை.

தூக்குக் கயிறு வந்தது ஒரே ஒரு சாட்சியால். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தின் பூகோள வாத்தியார் சுந்தர்சிங். நான் சொன்ன ரயில் பைத்தியம் இவர்தான். அந்த மாலை 5.38-க்கு தனசிங் மதகடியில் இருந்தார் என்று அவர் கோர்ட்டில் சொன்னார். தனசிங்கோ, அன்று மாலை பல்லாவரம் கடைத்தெருவில் சுற்றிக்கொண்டிருந்தேன், மதகுப் பக்கமே போகவில்லை என்றார். கடைத்தெருவில் அவரைப் பார்த்ததாகச் சொல்ல ஆள் இல்லை. கீழ்க்கோர்ட்டில் தூக்கு, மேல்கோர்ட்டிலும் தூக்கு, கருணை மனு போன வாரம் திரும்பி வந்துவிட்டது. வியாழக்கிழமை விடிகாலை என்று நாளும் குறித்தாகிவிட்டது.

வக்கீல் ஒரே ஒரு வழி சொல்லியிருந்தார். அந்த வாத்தியார், தான் சொன்ன சாட்சி தப்பு என்று கைப்பட எழுதிக் கொடுத்தால், அதைக் காட்டித் தூக்கை நிறுத்தி வைக்கலாம். வேறு எந்தக் காகிதமும் உதவாது.

ஆகவே 1973 ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மதியம் இரண்டு மணி வெயிலில், சாப்பிட்ட சோறு செரிக்கும் முன்பே நான் அந்த மதகுப் பாதையில் நடந்துகொண்டிருந்தேன்.

பாதையின் முனையில் பொன்னுரங்கத்தின் டீக்கடை. தசரதனை உயிரோடு கடைசியாகப் பார்த்தவர் இவர்தான்.

"கோர்ட்டுல சொன்னதுதான் சார்," என்றார் டீயை ஆற்றியபடி. "அஞ்சே கால் இருக்கும். இங்க டீ சாப்ட்டாரு. சாப்ட்டு இந்த ஒத்தையடிப் பாதையில போனாரு. அவ்ளோதான்."

"இந்தப் பாதை எங்கே போகுது?" என்றார் வேதசிரோமணி.

"மதகாண்ட போய் முடிஞ்சிடும். ரயில் ரோட்டத் தாண்டினா அந்தாண்ட அவரு நெலம் கீது. வேற எங்கயும் போவாது."

"அன்னிக்கு ரயில் போச்சா?"

"அத்த ஏன் கேக்கற. மதியத்துலேர்ந்து கரண்டு பூட்ச்சி. ஒரு வண்டி கெடையாது. அப்பால ஒரு கரி வண்டி பொகைய வுட்டுகினு வந்துச்சி பாரு. இந்தப் பக்கம் கரி வண்டி பாத்து எவ்ளோ நாளாச்சின்னு நான் எட்டிப் பாத்துகினு நின்னேன். பால் பொங்கி அடுப்பே அவிஞ்சிட்ச்சி."

"வாத்தியாரைப் பார்த்தீங்களா? இல்லே, தனசிங்கை?"

"அவங்க ரெண்டு பேரும் இப்டி வரமாட்டாங்க சார். தாம்பரத்துலேர்ந்து தண்டவாளத்தோரமாவே நடந்து வருவாங்க. ஞாயித்துக்கெயம ஆனா அதான் வேலை. ரயில பாத்து நம்பர் எய்திக்குவாங்க. ரயிலுக்கு இன்னா, அது பாட்டுக்குப் போவுது. சரியான பேஜார் புட்ச்ச கேஸுங்க."

வேதசிரோமணி மதகின்மேல் பத்து நிமிடம் நின்றார். நானும் நின்றேன். தண்டவாளம் வளைந்து வரும் இடம். வண்டி வருவது தூரத்திலிருந்தே தெரியும். ரயில் பார்ப்பதற்கு நல்ல இடம், கொலை செய்வதற்கும் நல்ல இடம். மற்றபடி சாமி சத்தியமாக அங்கே ஒன்றும் இல்லை.

"சார், ஏழாவதும் சொத்தை," என்றேன்.

"இன்னும் வாத்தியாரைப் பார்க்கலையே."

"ஊரே அவரை நம்புது. ஜட்ஜே அவரைப் புகழ்ந்து ஒரு பக்கம் எழுதியிருக்கார். நாம போய், 'நீங்க சொன்னது பொய், ஒரு கையெழுத்துப் போடுங்க'ன்னா காப்பி கொடுத்து அனுப்புவார்."

"காப்பியாவது கிடைக்குமே. வா."

வாத்தியார் வீட்டுத் தெருமுனையில் ஒரு சர்ச். அதன் காம்பவுண்டில், வேப்பமரத்து நிழலில் ரத்தினபாய் நின்றுகொண்டிருந்தாள். தனசிங்கின் மனைவி. மாடம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறாள். முப்பது வயதுகூட இருக்காது. ஒன்பது நாளைக்கு முன்னால் எங்கள் மாடிப்படி ஏறி வந்தபோது, மூச்சு வாங்கியபடி அவள் சொன்ன முதல் வார்த்தை, "அவர் அங்கே போகவே இல்ல சார்" என்பதுதான். அன்றிலிருந்து தினமும் அதையே சொல்கிறாள்.

"உள்ளே வர்றீங்களாம்மா?" என்றார் வேதசிரோமணி.

"வேண்டாம் சார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு முடியாது. இங்கேயே இருக்கேன்." கொஞ்சம் தயங்கினாள். "சுந்தர்சிங் சார் பொய் சொல்ற ஆளே இல்ல சார். எங்க வீட்டுக்கெல்லாம் வந்திருக்காரு. இவருக்கு இருந்த ஒரே சிநேகிதம் அவர்தான். ஆனா என் வீட்டுக்காரரும் பைபிள் மேல கைவச்சு என்கிட்ட சத்தியம் பண்ணியிருக்காரு. ரெண்டு பேரும் எப்படி நிஜமா இருக்க முடியும்? எனக்கு அதான் புரியல."

"ஒரு மணி நேரம் கொடுங்கம்மா," என்றார் வேதசிரோமணி. எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அவர் கொடுக்க மாட்டார்.

சுந்தர்சிங் கல்யாணம் ஆகாதவர். ஐம்பதுக்குமேல் வயது, நெட்டையான உருவம், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. எங்களைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. யார், எதற்காக வந்தோம் என்று சொன்னதும் இன்னும் சுருங்கியது.

"நான் சொல்ல வேண்டியதைக் கோர்ட்டில் சொல்லிட்டேன்," என்றார்.

"தெரியும் சார். நான் அதுக்கு வரலை," என்று கூசாமல் புளுகினார் வேதசிரோமணி. "உங்க படங்களைப் பத்தி ரொம்பக் கேள்விப்பட்டேன். பார்க்கலாமா?"

அவ்வளவுதான். அந்த மனிதரின் முகம் மாறியதை நான் இன்னும் மறக்கவில்லை. அலமாரியைத் திறந்தார். உள்ளே பதினான்கு ஆல்பம், ஆறு நோட்டுப் புத்தகம், தோல் உறையில் ஒரு பழைய மடக்கு காமிரா. இருபது வருடமாகத் தாம்பரம் வழியாகப் போன என்ஜின்கள் எல்லாம் அங்கே குடியிருந்தன. கரி என்ஜின், மின்சார என்ஜின், முன்னால் பார்த்தது, பக்கவாட்டில் பார்த்தது. நாலாவது ஆல்பத்தில் எனக்குக் கொட்டாவி வந்தது.

"ஒரு படத்துல கூட ஆளே இல்லையே சார்," என்றேன் வாயை மூடியபடி. "டிரைவர் கூடக் குனிஞ்சு ஒளிஞ்சுக்கிற மாதிரி இருக்கு."

"ஆள் விலகுற வரைக்கும் காத்திருப்பேன். மனுஷன் குறுக்கே வந்தா படம் கெட்டுப்போயிடும். பிரேமுக்குள்ள யார் இருக்காங்க, யார் வரப்போறாங்கன்னு முதல்ல அதைத்தான் பார்ப்பேன்."

இதைத்தான் ஜட்ஜ் புகழ்ந்து எழுதியிருந்தார். ஆட்களைத் தவிர்ப்பதற்காகவே ஆட்களைக் கவனிக்கும் பழக்கம் உள்ளவர், ஆகவே தனசிங்கை இவர் பார்த்ததில் தவறு நேர்ந்திருக்க முடியாது என்று. அந்த வாக்கியத்தைப் படித்தபோதே எங்கள் வழக்கு படுத்துவிட்டது என்று நினைத்தேன்.

வேதசிரோமணி என்னைப்போல் கொட்டாவி விடவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் கீழே பொடி எழுத்தில் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டே வந்தார். "இந்த நம்பரெல்லாம் என்ன சார்?"

"முதல் நம்பர் பிலிம் ரோல். அடுத்தது அந்த ரோலில் எத்தனையாவது படம். ரோலுக்குப் பன்னிரண்டு படம். விரயம் பண்ண முடியாது, வாத்தியார் சம்பளம்."

"இன்னும் கிடைக்காத என்ஜின் ஏதாவது இருக்கா?"

வாத்தியார் ஒரு நோட்டை எடுத்தார். "படம்னா நிறைய இருக்கு. பார்த்ததுன்னா, விழுப்புரம் ஷெட்டில் முப்பத்திரண்டு கரி என்ஜின். முப்பத்திரண்டையும் பார்த்தாச்சு. நோட்டில் முழுசா இருக்கு."

"கடைசியா பார்த்தது எது?"

"2643."

அது எங்களுக்கும் மனப்பாடம். கொலை நடந்த அன்று மின்சாரம் நின்றுபோய், செங்கல்பட்டிலிருந்து பாசஞ்சரை இழுத்து வந்த கரி என்ஜின் அது. வாத்தியார் நோட்டில் நம்பரும் நேரமும் இருந்தன. அன்று வந்தது அதே 2643-தான் என்று ரயில்வே அதிகாரி ஒருவரும் கோர்ட்டில் வந்து உறுதிப்படுத்தினார். நோட்டு அத்தனை துல்லியமாக இருந்ததால்தான் வாத்தியார் வாக்கு வேதவாக்கு ஆனது.

"முப்பத்தொண்ணு பார்த்த பிறகு இந்த ஒண்ணுக்காக எவ்வளவு நாள் காத்திருந்தீங்க?"

"எட்டு வருஷம்."

"எட்டு வருஷம்," என்றார் வேதசிரோமணி. "அன்னிக்கு வெளிச்சம் எப்படின்னு வக்கீல் கேட்டப்ப, எஃப் எட்டு, நூறில் ஒரு பங்கு விநாடின்னு சொன்னீங்க. காமிராக்காரங்க அளவு. அவ்வளவு நல்ல வெளிச்சம். அந்தப் படத்தைக் காட்டுங்களேன்."

"எடுக்கலை."

"ஏன் சார்?"

"பிலிம் தீர்ந்துபோச்சு. நோட்டில் எழுதியிருக்கேன்." நோட்டைத் திறந்து விரலால் காட்டினார். 22-8-71. மதகு. 5.38. 2643. அதற்கு எதிரே, பிலிம் தீர்ந்தது.

வேதசிரோமணி நோட்டைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த ஆல்பத்தைத் திருப்பி வாத்தியார் பக்கம் நகர்த்தினார். பக்கத்தில் இரண்டு படம் அடுத்தடுத்து ஒட்டியிருந்தது. நானும் எட்டிப் பார்த்தேன். முதல் படத்தின் கீழே: ரோல் 261, படம் 9, ஆகஸ்ட் 19, வியாழன். இரண்டாவதின் கீழே: ரோல் 261, படம் 10, ஆகஸ்ட் 29, ஞாயிறு.

எனக்குக் கொட்டாவி நின்றுவிட்டது. ஒன்பதாவது படம் பத்தொன்பதாம் தேதி. பத்தாவது படம் இருபத்தொன்பதாம் தேதி. நடுவில் இருபத்திரண்டாம் தேதி அன்று அந்தக் காமிராவில் மூன்று படத்துக்கு பிலிம் இருந்திருக்கிறது. கோர்ட்டுக்கு நோட்டு போயிற்று. ஆல்பத்தை யாரும் கேட்கவே இல்லை.

"எட்டு வருஷம் காத்திருந்த என்ஜின் எதிர்க்க வருது. நல்ல வெளிச்சம். காமிராவில் மூணு படம் பாக்கி. நீங்க எடுக்கலை," என்றார் வேதசிரோமணி. "நீங்க அங்கே இருந்திருந்தா எடுக்காம இருந்திருப்பீங்களா சார்?"

வாத்தியார் ஆல்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாரத்துக்கு மூணு படமாவது எடுக்கிறவர், இந்தப் பத்து நாள் ஒண்ணுமே எடுக்கலை. சிட்டி, எழுபத்தொண்ணு ஆகஸ்டில் உனக்கு என்ன ஆச்சு?"

"எனக்கா? மெட்ராஸ் ஐ சார். ரெண்டு கண்ணும் தக்காளி. ஊர்ல பாதிப் பேர் தடவித் தடவித்தானே நடந்தாங்க. காலைல எழுந்தா இமை ஒட்டிக்கிட்டு..." பாதியில் நிறுத்தினேன். எனக்கே உறைத்துவிட்டது.

வாத்தியார் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். ஏன் சாத்தினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"வெள்ளிக்கிழமை ஆரம்பிச்சுது," என்றார். "ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கூடப் போகலை. இதோ, இந்தக் கட்டிலில் கண்ணில் ஈரத்துணியைப் போட்டுகிட்டுப் படுத்திருந்தேன். சாயந்திரம் அஞ்சரைக்கு மேல தூரத்தில் விசில் கேட்டுச்சு. கரி என்ஜின் விசில். இருபது வருஷமாக் கேட்கிற காது. எழுந்து ஓட முடியலை. என்னால கண்ணைத் திறக்கவே முடியலை. எது போச்சுன்னு தெரியாம படுத்துகிட்டே அழுதேன். வெளியே சொன்னா சிரிப்பீங்க."

நான் சிரிக்கவில்லை.

"அப்புறம் அது 2643-ன்னு தெரிஞ்சப்போ, பார்த்ததா எழுதிட்டேன். ஒரே ஒரு வரி. யாருக்கும் கெடுதல் இல்லைன்னு நினைச்சேன். நாலு நாள் கழிச்சு இன்ஸ்பெக்டர் வந்தார். அறுபத்தஞ்சு சண்டையப்போ ரயிலைப் படம் எடுக்கிறேன்னு உளவாளியா நினைச்சு என்னைப் பிடிச்சுட்டுப் போனவர். என் நோட்டைப் பத்தித் தெரியும். திறந்து பார்த்தார். 'அந்த நேரத்துல நீங்க அங்கே இருந்திருக்கீங்களே'ன்னார். இல்லை, அந்த வரி பொய்னு சொல்ல வாய் வரலை. இருபது வருஷ நோட்டில் ஒரு வரி பொய்னா, மீதி எல்லாத்தையும் யார் நம்புவாங்க? அதுதான் அந்த நேரத்துல தோணுச்சு. அசிங்கம்தான், ஆனா அதுதான் தோணுச்சு."

இரண்டு வருடம், இரண்டு கோர்ட், ஒரு பெரிய வக்கீல், எல்லாரும் கோட்டை விட்டதை என் முதலாளி ஒரு மணி நேரத்தில், மடியில் ஆல்பத்தை வைத்துக்கொண்டு பிடித்துவிட்டார். சாட்சி அங்கே இல்லவே இல்லை. கண்ணைக்கூடத் திறக்காத சாட்சி. சர்ச் காம்பவுண்டுக்கு ஓடிப்போய் ரத்தினபாயிடம் சொல்லிவிடலாமா என்று கால் பரபரத்தது.

"காகிதம் இருக்கா சார்?" என்றேன் வாத்தியாரிடம். "பேனா நான் தர்றேன்."

"இரு சிட்டி," என்றார் வேதசிரோமணி. வெற்றி பெற்ற முகமாக இல்லை அது. "அன்னிக்கு வந்தது 2643-தான்னு ரயில்வேயே சொல்லிடுச்சு. நேரமும் சரி. கண்ணை மூடிப் படுத்திருந்த உங்களுக்கு அந்த நம்பரை யார் சொன்னது?"

வாத்தியார் நிமிரவில்லை. "அதை மட்டும் கேட்காதீங்க."

"கேட்டுத்தான் ஆகணும்."

"ரெண்டு வருஷமா அதை யாருமே கேட்கலை. நானும் சொல்லலை. நீங்களும் விட்டுடுங்க. நான் அங்கே இல்லைன்னு எழுதித் தர்றேன். தனசிங் பிழைச்சுப் போகட்டும்."

பிழைச்சுப் போகட்டும் என்ற வார்த்தையிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. வேதசிரோமணிக்குப் புரிந்துவிட்டது. நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து, ஓரத்தை விரலால் தடவினார். பக்கம் மற்றப் பக்கங்களைவிடத் தடிமனாக இருந்தது. பின்பக்கத்தைத் திருப்பினார். பின்னால் ஒரு சிகரெட் பெட்டி அட்டை ஒட்டியிருந்தது. உள்பக்கத்து வெள்ளையில் பென்சில் எழுத்து. 2643. 5.38. மதகு.

"இது உங்க எழுத்து இல்லை."

"தனசிங் எழுத்து," என்றார் வாத்தியார். "கோர்ட்டிலிருந்து நோட்டு திரும்பி வந்த பிறகுதான் ஒட்டினேன்."

நான் நீட்டிய பேனா என் கையிலேயே இருந்தது.

"அவன்கிட்ட காமிரா கிடையாது. சிகரெட் அட்டையில்தான் நம்பர் எழுதுவான்," என்றார் வாத்தியார். "திங்கட்கிழமை காலையில இங்கே வந்தான். எனக்கு அந்த ஒண்ணு மட்டும்தான் பாக்கின்னு அவனுக்குத் தெரியும். வாசலில் நின்னு, 'சார், உங்க 2643 வந்துச்சு, நான் அஞ்சு மணிக்கே போய் உட்கார்ந்திருந்தேன், நீங்க இல்லாம போயிட்டீங்களே'ன்னு அட்டையைக் கொடுத்தான். அன்னிக்கு எனக்குத் தசரதன் செத்தது கூடத் தெரியாது. நம்பரைக் கேட்டதும் வேற எதுவும் காதில் விழலை."

"அஞ்சு மணிக்கே," என்றார் வேதசிரோமணி.

"ஆமா."

அஞ்சு மணிக்கு மதகில் உட்கார்ந்திருக்கிறான். அஞ்சே காலுக்குத் தசரதன் டீ குடித்துவிட்டு அதே மதகைப் பார்த்து நடக்கிறார். வேறு வழியில்லாத பாதை. 5.38-க்கு ரயில் வருகிறது. அப்போது மதகில் நம்பரை எழுத ஒருவன் நிற்கிறான். இன்னொருவர் கீழே கிடக்கிறார்.

நான் விடவில்லை. "சார், அங்கே இருந்தான்னா கொலை பண்ணினதா ஆயிடுமா? வேற எவனாவது வந்து அடிச்சிருக்கலாம். இவன் பார்த்திருக்கலாம்."

"பார்த்திருந்தா சொல்லியிருப்பான், சிட்டி. ரெண்டு வருஷமா கழுத்துக்கு மேல கயிறு தொங்குது. பார்த்தவன் எவனாவது வாயை மூடிகிட்டு இருப்பானா?"

"கோர்ட்டில் நாள் பூரா என்னையே பார்த்துகிட்டு நின்னான்," என்றார் வாத்தியார். "நான் அங்கே இல்லைன்னு இந்த உலகத்துல தெரிஞ்ச ஒரே ஆள் அவன்தான். 'பொய், இவர் மதகில் இல்லை'ன்னு ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். அதைச் சொல்லணும்னா, தான் அங்கே இருந்ததைச் சொல்லணும். அவனால முடியலை. நான் பைபிள் மேல கை வைச்சுகிட்டு நின்னேன். 'தனசிங் அங்கே இருந்தாரா'ன்னு கேட்டாங்க. இருந்தான். அதனால, இருந்தார்னு சொன்னேன்."

ஒருவனை அடித்துக் கொன்றுவிட்டு, ஓடாமல் நின்று, வந்த என்ஜினின் நம்பரைப் பென்சிலால் எழுதியிருக்கிறான். மறுநாள் காலையில் அதைச் சிநேகிதனிடம் கொண்டுபோய்க் கொடுக்காமல் இருக்க முடியவில்லை. இந்த இரண்டு பேரைத் தவிர வேறு எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். எனக்கு யார்மேல் ஆத்திரப்படுவது என்று தெரியவில்லை. என் முதலாளிமேல் பட்டேன்.

"அந்த ஒரு கேள்வியை நீங்க கேட்டிருக்க வேண்டாம் சார். பாதிக் காகிதத்தை வாங்கிட்டுப் போயிருக்கலாம். வெளிய ஒரு பொம்பளை நிக்குது."

"தெரியும்," என்றார்.

"வாத்தியார் சார், பாதியே எழுதுங்க. நான் அங்கே இல்லைன்னு ரெண்டு வரி. நாங்க மீதியைக் கேட்கவே இல்லைன்னு வச்சுக்கலாம்."

பத்து நிமிடம் முன்னால் தானே தருகிறேன் என்ற மனிதர் இப்போது மறுத்துத் தலையாட்டினார். "வாயைத் திறந்து சொல்லிட்டேன் தம்பி. இனிமே பாதி எழுத வராது. பாதி எழுதித்தான் இங்கே வந்து நிக்கிறேன்." பேனாவை வாங்கிக்கொண்டார். கட்டிலில் கிடந்தது, அட்டை, அஞ்சு மணி, கோர்ட், எல்லாவற்றையும் அழகான வாத்தியார் எழுத்தில் மூன்று பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்தபோது மணி நாலு. சர்ச் காம்பவுண்டில் ரத்தினபாய் எங்களைப் பார்த்ததும் வேகமாக நடந்து வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நடை தளர்ந்தது. நான் கிண்டல் பேசியே பிழைப்பவன். என் முகத்துக்கு மறைக்கத் தெரியாது.

வேதசிரோமணி அவளை சிமென்ட் பெஞ்சில் உட்கார வைத்து, எல்லாவற்றையும் சொன்னார். எதையும் பூசி மெழுகவில்லை. காகிதத்தையும் கையில் கொடுத்தார். அவள் மூன்று பக்கத்தையும் மெதுவாகப் படித்தாள்.

"இதைக் கொடுத்தா நிறுத்துவாங்களா சார்?"

"வக்கீல்கிட்ட கொடுக்கிறேம்மா. நிறுத்த மாட்டாங்க. வாத்தியார் முழுசா எழுதியிருக்கார்."

அவள் அழவில்லை. காகிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு ராத்திரி அவர் அவ்வளவு சந்தோஷமா வீட்டுக்கு வந்தாரு சார்," என்றாள் பிறகு. "என்ன விசேஷம்னு கேட்டேன், சொல்லல. பையனுக்கு அப்ப மூணு வயசு. அவனைத் தோள்ல தூக்கி வச்சுகிட்டு, வாயால விசில் அடிச்சுகிட்டு வீட்டைச் சுத்திச் சுத்தி ரயில் ஓட்டினாரு. கொலை பண்ணிட்டு வந்தவன் குழந்தையோட அப்படி விளையாடுவானா? கோர்ட்ல யார் என்ன சொன்னாலும், ஜட்ஜே சொன்னாலும், ரெண்டு வருஷமா அதை நினைச்சுத்தான் சார் நம்பினேன். யார்கிட்டேயும் சொல்லல. சொன்னா சிரிப்பாங்கன்னு."

வேதசிரோமணி தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை வருடத்தில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"புதன்கிழமை கடைசியாப் பார்க்க விடுறாங்க. பையனையும் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காரு," என்றாள். "எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவர்கிட்ட சொல்லணுமா, தெரியாத மாதிரியே இருக்கணுமா? அதை மட்டும் சொல்லுங்க சார்."

"தெரியாத மாதிரியே இருங்கம்மா," என்றார் அவர்.

அவள் எழுந்து காகிதத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"சரி சார். எனக்கு அவர் சொன்ன பொய்யை, இனிமே பையனுக்கு நான் சொல்றேன்," என்று சொல்லிவிட்டு மாடம்பாக்கம் பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.